படகேறும் முன்னும், ஏதாவது நடந்த பின்னும்: திருகோணமலைக் கடலுக்குப் புதியவர்களுக்கு

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ முதல்முறை படகேறப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டே கேள்விகள்: எவ்வளவு எடுப்பார்கள், சுறா தெரியுமா. கேட்க வேண்டியவைதான். ஆனால் கடலில் ஏதாவது நடந்துவிட்டால் பொலிஸும் நீதவானும் காப்புறுதிக்காரரும் கேட்கப்போவது வேறு. படகில் எத்தனை பேர் ஏறினீர்கள்? ஜாக்கெட்டைப் போட்டிருந்தீர்களா, அது காலடியில் கிடந்ததா? அன்று காற்று எப்படி இருந்தது? ஓட்டியவர் யார், அவருக்கு அனுமதி இருந்ததா? இவை எல்லாவற்றுக்கும் பதில் கரையிலேயே முடிவாகிவிடும். அதனால் பாதுகாப்பு ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம் என்று இங்கே பிரிக்கவில்லை. கரையில் செய்ய வேண்டியதைச் செய்தால் இரண்டுக்கும் சேர்த்துச் செய்தது ஆகிவிடும்.

விடுமுறைக்கு வருபவர்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு ஊர் பார்க்க வருபவர்கள், புதிதாகக் கயாக் வாங்கியவர்கள், விடுதி நடத்திக்கொண்டு விருந்தினருக்குப் படகு ஒழுங்குசெய்து கொடுப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். கடைசியில் சொன்னவர்கள் பொறுப்பு பற்றிய பகுதியை இரண்டு தடவை வாசிப்பது நல்லது.

முதல் படி: மாதத்தையும் காற்றையும் பாருங்கள்

கிழக்குக் கரையின் பருவம் தெற்குக்கு நேர்மாறு. ஹிக்கடுவையில் கடல் குமுறும் மே, ஜூன் மாதங்களில்தான் இங்கே படகுகள் ஓடும். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை பொதுவாக நல்ல காலம். ஒக்டோபரில் பின்னேரங்களில் இடியும் மழையும் தொடங்கும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று. அந்த மாதங்களில் வங்கக் கடலில் சூறாவளிகளும் உருவாகும். 2020 டிசம்பர் 2 இரவு புரேவி கரை கடந்தது திருகோணமலைக்கு வடக்கே, நம்முடைய கரையில்தான். வாடைக்காலத்தில் ஒரு நாள் வெயில் அடித்து, கடலும் கொஞ்சம் அடங்கி, "இண்டைக்குப் போகலாம் அண்ணன்" என்று யாராவது குறைந்த விலைக்குக் கூப்பிட்டால், போகாமல் இருப்பதுதான் புத்தி.

நல்ல பருவத்திலும் ஏமாற்றுகிற காற்று ஒன்று உண்டு. அதுதான் கச்சான். தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் பாய் விரித்ததுபோல் தட்டையாகத் தெரியும், ஏனென்றால் அலையைக் காற்றே பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறது. அந்தத் தட்டையைப் பார்த்துத்தான் புதியவர்கள் கயாக்கையும் மிதவை மெத்தையையும் இறக்குவார்கள். போகும்போது ஒரு சிரமமும் இராது, காற்றே கொண்டுபோகும். கரையிலிருந்து இருநூறு, முந்நூறு மீற்றர் போனதும் அலை தொடங்கும். திரும்பும்போதுதான் எதிர்க்காற்றின் பலம் தெரியும். ஆகவே இறங்குமுன் தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். கடல் பக்கம் சாய்ந்தால் துடுப்புப் படகு வேண்டாம், காற்றில் பறக்கும் மிதவை எதுவும் வேண்டாம்.

வளிமண்டலவியல் திணைக்களம் கடலுக்குப் போகிறவர்களுக்கென்றே தமிழிலும் எதிர்வுகூறல் வெளியிடுகிறது. அன்றைய அறிவித்தலைப் படம் எடுத்து அலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை இருந்த நாளில் ஆட்களை ஏற்றியவர் பின்னர் "எனக்குத் தெரியாது" என்று சொல்வது கடினம். தெரிந்தே ஏறியவருக்கும் அதே கதைதான்.

இரண்டாம் படி: படகையும் ஓட்டியையும் பாருங்கள்

இங்கே ஓடுவதில் பெரும்பாலானவை பைபர் படகுகள், பின்னால் ஓர் எஞ்சின். மீன்பிடிக்கும் படகே பகலில் சுற்றுலாப் படகாக மாறுவதும் உண்டு. அதில் தவறு இருக்க வேண்டும் என்றில்லை, கடலை நன்றாக அறிந்தவர்கள் மீனவர்கள்தான். ஆனால் மீன்பிடிக்கப் பதிந்த படகு பயணிகளை ஏற்றவும் அனுமதி பெற்றதா என்பது வேறு கேள்வி. கூலிக்கு ஆள் ஏற்றும் படகுக்கு அனுமதி வேண்டும் என்பது நம் நாட்டில் நேற்று வந்த வழக்கமில்லை. 1900 ஆம் ஆண்டின் படகுகள் கட்டளைச் சட்டத்திலிருந்தே அது இருக்கிறது. சுற்றுலாச் சேவை நடத்துபவர்கள் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்திருக்க வேண்டும்.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். "அண்ணன், லைசன்ஸைக் காட்டுவீங்களா, எத்தனை பேர் ஏறலாம் எண்டு இருக்கு?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். முறையாக நடத்துபவர் எடுத்துக் காட்டுவார், சிலர் சந்தோஷமாகவே காட்டுவார்கள். முகம் சுளித்தால் அடுத்த படகுக்குப் போங்கள், கரையில் படகுக்குப் பஞ்சமில்லை. படகின் பக்கவாட்டில் எழுதிய பதிவு இலக்கம் தெரிய ஒரு படம் எடுங்கள். பிள்ளைகளை அதற்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

பிறகு எஞ்சினைப் பாருங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு இருக்கும். அதன் ஒரு நுனி எஞ்சினில் ஒரு சின்னக் கொளுவியில் மாட்டியிருக்கும், மறுநுனி ஓட்டியின் மணிக்கட்டில் இருக்க வேண்டும். ஓட்டி தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். பல படகுகளில் அந்தக் கயிறு எஞ்சின் பிடியிலேயே சுற்றிக் கிடக்கும், அல்லது கொளுவிக்குப் பதிலாக ஒரு துண்டு நைலோன் கட்டி வைத்திருப்பார்கள். கைவிட்ட எஞ்சின் நேராக ஓடாது. ஒரு பக்கம் திரும்பி வட்டமடிக்கும். விழுந்தவர் கிடக்கும் இடத்துக்கே, தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் காற்றாடி திரும்பி வரும். படகில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று என்று கட்டாயப்படுத்தினால் இந்தக் கயிற்றைத்தான் பார்ப்பேன்.

எண்ணெய்க் கணக்கு எளிது: போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மீதி கையிருப்பு. துடுப்பு ஒன்று, நங்கூரம், கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி, ஒரு விசில் இருந்தால் கிட்டக் கடலுக்குப் போதும். திமிங்கிலம் பார்க்க வெளிக்கடலுக்குப் போனால் இரண்டாவது எஞ்சினோ வானொலித் தொடர்போ இல்லாத படகில் ஏறாதீர்கள், ஏனென்றால் கரையிலிருந்து தூரம் போகப்போக அலைபேசி கைவிடும். கடல் வானொலியில் அவசர அழைப்புக்கு 16 ஆவது அலைவரிசை.

ஓட்டியிடம் மது வாடை அடித்தால் பேச்சே இல்லை, இறங்கிவிடுங்கள். உங்கள் கூட்டத்திலேயே குடித்தவர் இருந்தால் அவரையும் கரையில் விடுங்கள். கூட்டாளி கோபிப்பார், பரவாயில்லை.

மூன்றாம் படி: ஜாக்கெட்டைப் போடுங்கள், சரியாக

ஜாக்கெட் இருந்தது என்பதும் ஜாக்கெட் போட்டிருந்தார் என்பதும் ஒன்றல்ல. படகு கவிழ இரண்டு, மூன்று விநாடி போதும். அதற்குள் காலடியில் கிடப்பதை எடுத்துப் போட்டவர் யாரும் இல்லை.

போட்டுப் பூட்டிய பிறகு இன்னொருவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது தண்ணீரில் முகத்தை மூடும். பட்டியை இறுக்குங்கள், அல்லது சின்னது கேளுங்கள். பெரியவர்களின் ஜாக்கெட்டைப் பிள்ளைக்குப் போட்டுக் கயிற்றால் கட்டிவிடுவது நம் கரைகளில் சாதாரணமாகிவிட்டது. பிள்ளை தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து கீழே வழுக்கும். பிள்ளைகளுக்குரியதில் கால்களுக்கு இடையே ஒரு பட்டி போகும். அளவானது இல்லையென்றால் அந்தப் படகில் பிள்ளையை ஏற்ற வேண்டாம். சின்னப் பிள்ளைகளோடு அடிக்கடி போகிறவர்கள் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்திருப்பது நல்லது.

வெயிலில் வெளுத்து, உள்ளே இருக்கும் நுரை பொடிப்பொடியாக உதிர்கிற ஜாக்கெட் வெறும் சட்டைதான்.

ஓட்டி போட்டிருக்கமாட்டார். "தம்பி, நாங்க கடலிலேயே பிறந்து வளர்ந்தவங்கள்" என்பார். பிறந்து வளர்ந்தவருக்கும் தலை அடிபட்டால் மயக்கம் வரும். அவர் மயங்கினால் உங்களைக் கரைசேர்க்க ஆளில்லை. அதைச் சொல்லிக் கேட்டால் சிலர் போட்டுக்கொள்வார்கள்.

நான்காம் படி: ஏறுவதும் இருப்பதும்

நிலாவெளியில் இறங்குதுறை கிடையாது, மணலிலிருந்தே ஏற வேண்டும். படகு மூக்கு அலைக்கு நேரே நிற்கும்போது ஏறுங்கள். படகுக்கும் கரைக்கும் இடையில் ஒருபோதும் நிற்காதீர்கள். ஓர் அலை வந்து படகைத் தூக்கி அடித்தால் கால் போய்விடும். ஓட்டி காட்டும் பக்கத்தால் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்த பிறகே அடுத்தவர் ஏற வேண்டும்.

எல்லோருக்கும் முன்னால் இருக்க ஆசை, படம் நன்றாக வரும். ஆனால் அலையில் எழும்பி விழும் அடி முழுவதும் மூக்குப் பக்கம்தான் இறங்கும். முதுகெலும்பு நசுங்கும் அளவுக்கு அடி விழுந்த சம்பவங்கள் வேகப் படகுகளில் உலகெங்கும் உண்டு. வயதானவர்களும் முதுகுவலிக்காரரும் பின்பக்கம் இருக்கட்டும். கர்ப்பிணிகள் கரையிலேயே இருக்கட்டும்.

அளவுக்கு மிஞ்சி ஏற்றுவதைப் பற்றி இந்த மாவட்டத்தில் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2021 நவம்பர் 23 காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் அதில்தான் ஆட்கள் கடந்துகொண்டிருந்தார்கள். அது உல்லாசப் பயணமல்ல, பள்ளிக்கூடம் போகிற வழி. ஆனாலும் சட்டம் போன பாதையைக் கவனியுங்கள்: படகை நடத்தியவர்களோடு நிற்காமல், அதற்கு அனுமதி கொடுத்த நகர சபையின் தவிசாளர் வரை கைதுகள் நடந்தன. சுக்கான் பிடித்தவர் மட்டும்தான் பொறுப்பு என்று இன்னும் நினைப்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாம் படி: புறாமலையில்

புறாமலைத் தீவு 2003 இலிருந்து தேசிய பூங்கா. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கட் எடுக்க வேண்டும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் கட்டணம் கூட. டிக்கட்டைக் கசக்கி எறியாதீர்கள். எந்த நாளில் போனீர்கள் என்பதற்குப் பிறகு அதுவே சாட்சி.

இங்கே ஆபத்து சுறா அல்ல. பவளப்பாறையில் சுற்றுவது கரும்முனைச் சுறா. அது உங்களைக் கண்டால் விலகிப் போகும். ஆபத்து படகுகள். ஒரே சின்னக் கரையில் பல படகுகள் வந்து போகும், பக்கத்திலேயே ஆட்கள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதப்பார்கள். அவர்களுக்குக் காது கேட்காது, ஓட்டிக்கு அவர்களுடைய தலை அலைக்குள் தெரியாது. பளிச்சென்ற நிறத்தில் தொப்பியோ மேற்சட்டையோ போடுங்கள். படகு வரும் பாதையைக் கேட்டறிந்து அதற்கு வெளியே இருங்கள். இருவர் இருவராகவே நீந்துங்கள். எஞ்சின் முழுமையாக நின்ற பிறகே படகின் பின்பக்கம் கிட்டுங்கள். நியூட்ரலில் இருக்கிறது என்பது போதாது. நீந்தத் தெரியாதவர் ஜாக்கெட்டோடுதான் இறங்க வேண்டும், அப்படியே மிதந்துகொண்டும் பவளம் பார்க்கலாம். பவளத்தில் கால் ஊன்றாமல் இருக்கவும் அது உதவும்.

திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கடல்வாழ் பாலூட்டிகளைப் பார்ப்பது பற்றி 2012 இல் வந்த ஒழுங்குவிதிகள் உள்ளன. திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குக் கிட்டப் படகு போகக் கூடாது. கிட்டப் போகச் சொல்லிக் காசு நீட்டுவது பயணிகள்தான்.

ஆறாம் படி: நீங்களே ஓட்டப்போனால்

கயாக்கோ ஜெட் ஸ்கியோ வாடகைக்கு எடுத்த நேரத்தில் நீங்கள் வெறும் பயணி அல்ல, ஓட்டி. நீந்துபவர் ஒருவரை இடித்தால் முதல் கேள்வி உங்களிடம். எடுக்கும்போதே ஒரு சுற்றுப் பார்த்து, ஏற்கெனவே உள்ள கீறல், வெடிப்பு எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கும்போது பழைய வெடிப்பு உங்கள் தலையில் விழும்.

கடல் பாதை விதிகள் 1972 ஆம் ஆண்டின் சர்வதேச விதிமுறைகளிலிருந்து வருபவை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எப்போதும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருங்கள். நிறுத்த முடியாத வேகத்தில் ஓடாதீர்கள். இரண்டு எஞ்சின் படகுகள் குறுக்கே சந்தித்தால், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காண்பவர் வழிவிட வேண்டும். நேரெதிராக வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வீதியில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு இது கை தடுமாறும் இடம். வலை இழுக்கும் படகுக்கு எப்போதும் ஒதுங்குங்கள். நீங்கள் விளையாட வந்தவர், அவர் பிழைக்க வந்தவர். வலைமிதவைகளுக்கு மேலால் ஓடினால் காற்றாடியில் சிக்கும், அறுந்த வலைக்கு ஈடும் கேட்பார்கள். கேட்பது நியாயமும்தான்.

உட்துறைமுகத்துக்குள் நினைத்தபடி போக முடியாது. கடற்படைத் தளமும் துறைமுக அதிகாரசபையின் பகுதிகளும் அங்கே இருக்கின்றன. சோபர் தீவும் கடற்படையிடம்தான். கொட்டியாரக்குடாவில் பெரிய கப்பல் வந்தால் அதன் பாதையைவிட்டு விலகுங்கள், அதனால் உங்களுக்காக நிற்கவோ திரும்பவோ முடியாது.

ஏழாம் படி: ஏதாவது நடந்துவிட்டால், முதல் நிமிடங்கள்

படகு கவிழ்ந்தால் படகைவிட்டு நீந்தாதீர்கள். பைபர் படகு பெரும்பாலும் மிதந்துகொண்டே இருக்கும்; தலையைவிட அது தூரத்திலிருந்து தெரியும். கரை கிட்ட இருப்பதுபோல் தோன்றும், கடலில் கண் அளவு பிழைக்கும். ஆட்களை எண்ணுங்கள். திரும்ப எண்ணுங்கள். ஒருவர் விழுந்திருந்தால் ஒருவர் கையை நீட்டி அவரையே காட்டிக்கொண்டிருக்கட்டும், கண்ணை எடுக்கவே கூடாது. மிதக்கும் எதையும் எறியுங்கள். காப்பாற்றவென்று குதித்தவர் இறப்பது நம் கடற்கரைகளில் புதிதல்ல.

தண்ணீரிலிருந்து எடுத்தவர் மூச்சுவிடவில்லை என்றால் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். அதனால் வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகும், நேரமும் போகும். மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாய்வழியாக முதலில் ஐந்து மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 தடவை பலமாகவும் வேகமாகவும் அமுக்கி, இரண்டு மூச்சு. உதவி வரும்வரை இதையே தொடருங்கள். மூச்சுக் கொடுக்கத் தெரியாவிட்டால் அமுக்குவதையாவது நிறுத்தாதீர்கள். காற்றாடி வெட்டியிருந்தால் துணியை வைத்து முழு எடையோடு அமுக்கிப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. கடற்படையும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் இந்தக் கரையில் இருப்பதால் பொலிஸுக்குச் சொல்லும்போதே கடலில் தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். இருமிவிட்டு "இப்ப சுகம்" என்று எழும்பி உட்கார்ந்தவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் போன நுரையீரல் சில மணிநேரம் கழித்தும் மோசமாகலாம். அதோடு, காயமும் நேரமும் வைத்தியசாலைப் பதிவில் ஏறிவிடும். மூன்று நாள் கழித்து முதுகுவலி என்று போனால் எந்தப் படகால் வந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டிவரும்.

எட்டாம் படி: கரைக்கு வந்ததும்

ஆட்கள் பாதுகாப்பானதும் படம் எடுங்கள்: படகு, இலக்கம், எஞ்சின், அந்தச் சிவப்புக் கயிறு, ஜாக்கெட்டுகள், கடல். கூட வந்தவர்களின் பெயர், தொடர்பு இலக்கம் வாங்குங்கள். வேறு நாட்டுக்காரர் என்றால் அன்றே வாங்காவிட்டால் பிறகு கிடைக்கமாட்டார்கள். காசு கொடுத்த பற்றுச்சீட்டு, படகு ஒழுங்குசெய்தபோது வந்த வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

கரையில் ஒரு கூட்டம் கூடும். "பொலிஸுக்குப் போனா இழுபடும், நாங்களே பேசித் தீர்ப்பம்" என்று ஒருவர் சொல்வார். கீறல் விழுந்த படகுக்கு அது சரி, சிறு பண வழக்குகளுக்கு மத்தியஸ்த சபையும் இருக்கிறது. ஆளுக்குக் காயம் என்றால் முறைப்பாடு போடாமல் விடாதீர்கள். அந்தக் கரைக்குரிய பொலிஸ் நிலையத்தில், நிலாவெளியோ உப்புவெளியோ துறைமுகமோ, வாக்குமூலம் கொடுங்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள். "அவர் குடித்திருப்பார்" என்று ஊகம் வேண்டாம். தமிழில் சொல்வதும் அதைத் தமிழில் எழுதக் கேட்பதும் உங்கள் உரிமை. வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

யாராவது இறந்திருந்தால் திடீர் மரண விசாரணை நடக்கும். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். உடலை உடனே தரச்சொல்லிக் குடும்பம் அவசரப்படுவது இயல்புதான், ஆனால் அந்த அறிக்கை இல்லாமல் பிறகு எதுவும் நகராது.

அந்த நேரத்தில் கோபத்தில் முகநூலில் எழுதுவதைத் தள்ளிப்போடுங்கள். எழுதியது நீதிமன்றத்துக்கு வரும்.

பொறுப்பு யாருக்கு

ஒரே விபத்து இரண்டு வழியாகப் போகும். ஒன்று குற்றவியல். தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின்படி, அவசரமான அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து ஆண்டுவரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். ஆளுக்கு ஆபத்து வரும்படி படகு ஓட்டுவதும், அளவுக்கு மிஞ்சிய அல்லது பழுதான படகில் கூலிக்கு ஆள் ஏற்றுவதும் அதே சட்டக்கோவையில் தனிக் குற்றங்கள். அதற்கு யாரும் இறக்க வேண்டும் என்றில்லை.

மற்றது குடியியல் வழி, அதாவது நட்டஈடு. நம் நாட்டில் இது ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வருகிறது. நியாயமாக நடக்கும் ஒருவர் எடுத்திருக்கும் கவனத்தை எடுக்கவில்லை, அதனால் நட்டம் வந்தது என்று காட்ட வேண்டும். ஓட்டி கூலியாள் என்றால் அவரை வேலைக்கு வைத்த படகு உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும். படகு ஒழுங்குசெய்து கமிஷன் எடுத்த விடுதிக்காரர் அனுமதியில்லாத படகு என்று தெரிந்தே அனுப்பியிருந்தால் அவரும் வழக்கில் வந்து நிற்பார். "நாங்கள் போன் பண்ணிக் கொடுத்தது மட்டும்தான்" என்பது எப்போதும் காப்பாற்றாது.

பயணியின் பங்கும் பார்க்கப்படும். 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி காயப்பட்டவரின் கவனயீனமும் சேர்ந்திருந்தால் நட்டஈடு அந்த அளவுக்குக் குறையும், முற்றாக இல்லாமல் போகாது. கொடுத்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மூக்கில் நின்று செல்ஃபி எடுத்தவருக்கு இதுதான் நடக்கும்.

சில இடங்களில் "எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பலர் வழக்கையே கைவிடுகிறார்கள். அது தேவையில்லை. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. தொழில் நடத்துபவர் தன் கவனயீனத்தால் வந்த மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ இப்படி ஒரு தாளால் கைகழுவ முடியாது. ஆனால் அந்தத் தாளில் "நீந்தத் தெரியும்", "இதயநோய் இல்லை" என்று நீங்கள் பொய் எழுதியிருந்தால் அது உங்களுக்கு எதிராகவே வரும்.

இறந்தவர் குடும்பத்துக்கு முன்பு கிடைத்தது இழந்த வருமானம், செலவு என்று பணக்கணக்கு மட்டுமே. பிள்ளையை இழந்த பெற்றோரின் துயரத்துக்கு நட்டஈடு இல்லை என்று 2001 இல் உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் தீர்த்திருந்தது. ஒருவரின் மரணத்துக்கு நட்டஈடு அறவிடுவது பற்றி 2019 இல் வந்த சட்டம் நெருங்கிய உறவினருக்கு அந்த வழியையும் திறந்தது. பழைய கதையைச் சொல்லி "பிள்ளைக்கு ஒண்டும் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காயப்பட்டது ஓட்டியோ படகில் வேலைசெய்த பையனோ என்றால், அவர்களையும் யாரும் மறக்கக் கூடாது. வேலைநேரத்தில் வந்த காயத்துக்கு 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் முதலாளியிடம் கோரலாம். நாட்கூலிதானே என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

நட்டஈடு கேட்கும் வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு, விபத்து நடந்த நாளிலிருந்து. நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் போட்ட வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்காக இந்தக் கெடு காத்திருக்காது. குற்றவியல் வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்து உரிமையைத் தொலைத்துவிடாதீர்கள். பயணக் காப்புறுதி எடுத்திருந்தால் அறிவிக்க வேண்டிய காலம் அதைவிட மிகக் குறைவாக இருக்கும், பத்திரத்தைப் பாருங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போகலாம். முதல்நாள் போகும்போது முறைப்பாட்டு இலக்கம், வைத்தியசாலையில் கொடுத்த நோயறிதல் அட்டை, செலவுப் பற்றுச்சீட்டுகள், சம்பளத்தைக் காட்டும் ஏதாவது ஒரு தாள், எடுத்த படங்கள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். படங்களை அலைபேசியிலேயே விடாமல் வேறொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். கடலில் விழுந்த அலைபேசி பெரும்பாலும் திரும்ப உயிர்பெறாது.